கல்லுக்குக் கட்டிய மஞ்சள் சேலை

மேட்டில் காற்று நன்றாக வரும். இன்ஸ்பெக்டர் ஐயாவும் ஜன்னலோரமாகத்தான் நாற்காலியைப் போட்டிருக்கிறீர்கள். மச்சு வீடு கட்ட நினைக்கிற ஒருவன் மேட்டைப் பார்த்து ஆசைப்பட்டால், அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

கோவிந்தாபுரத்துக்கு மேற்கே, ஓடைக்கரையில் என் நிலம். அதில் மேடு என்று இருப்பது ஒன்றுதான். அந்த ஒன்றின் உச்சியில், எங்கள் பண்ணையில் வேலை செய்த மருதாத்தாளின் குடிசை. எழுபதில் கேரளாவில் நிலச் சட்டம் வந்து, குடிசை நிற்கிற பத்து சென்ட் குடியிருப்பவளுக்கே என்று சொல்லிவிட்டது. சட்டத்தை நான் குறை சொல்பவன் அல்ல. நிலத்துக்காரனுக்கு வீடு கட்ட இடம் வேண்டுமென்றால், குடியிருப்பவளுக்கு வேறு நல்ல இடம் கொடுத்து மாற்றலாம் என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. கீழே ஓடையை ஒட்டிய என் பள்ளக்காட்டில் பத்துக்குப் பதில் பன்னிரண்டு சென்ட் தருகிறேன், ஓட்டு வீடும் கட்டித் தருகிறேன் என்றேன்.

"பள்ளக்காட்டுல தவளைதானுங்க பண்ணாடி குடியிருக்கும்" என்றாள் மருதாத்தாள். "எனக்கு ரெண்டு சென்ட் சேத்துக் குடுக்கறீங்க, சரி. ஓடைத்தண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டீங்களா?"

சிரித்துக்கொண்டேன். பண்ணாடியிடம் இப்படிப் பேசுகிற அளவுக்கு அவளுக்கு நான் இடம் கொடுத்திருந்தேன்.

அவளுடைய புது வீட்டுக்குப் பஞ்சாயத்து பர்மிட் வேண்டும். அதற்குக் குறுக்கே ஒரு கல் நின்றது. தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று மலையாளிகள் இன்னும் சொல்கிறார்களே, அது அவர்களுடைய கொல்லம் ஆண்டு, நம் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலு, அந்தத் தண்ணீர் எதுவரை ஏறி வந்து நின்றதோ அங்கே அன்றைய சர்க்கார் நட்ட கல். மேட்டுச் சரிவில் பாதி வழியில் இருந்தது. அதற்குக் கீழே எந்த வீட்டுக்கும் பர்மிட் கிடையாது என்பது விதி.

பஞ்சாயத்து ஓவர்சியர் யாக்கோபு வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார். "கல்லுக்குத் தாழெ வீடு பற்றில்லா கவுண்டரே. வேணுமெங்கில் ஒரு தாராக்கூடு கெட்டிக்கோ." வாத்துக்கூடு கட்டிக்கொள்ளச் சொல்கிறார்.

வேறொருவன் என்றால் லஞ்சம் கொடுத்திருப்பான். எனக்கு அது பிடிக்காது. நேர்மையான ஒரு அதிகாரியைக் கெடுப்பது பாவம். ஆகவே அவரை விட்டுவிட்டுக் கல்லைக் கவனித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் போய், கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மஞ்சள் சேலை ஒன்றைச் சுற்றிவிட்டு வந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே எலுமிச்சம்பழ விளக்கு எரிந்தது. ஏற்றியது யாரென்று எனக்குத் தெரியாது. ஆடி முடிவதற்குள் கல்லுக்கு வெள்ளத்தம்மன் என்று பெயரும் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் அதில் பொறித்திருந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, அது யந்திரம் என்றான் நஞ்சப்பன் பூசாரி.

என் மனைவி பொன்னாத்தாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏனுங்க, கட்டுனவளுக்குச் சேலை எடுக்கோணும்னாத் தீவாளி வரோணும். கல்லுக்கு மட்டும் வெள்ளிக்கு வெள்ளியாக்கும்?"

"நீ போயி நின்னா தண்ணி நிக்குமா புள்ள?" என்றேன்.

பிறகு நஞ்சப்பனுக்கு அருள் வந்தது. அதற்கு முந்தின நாள் அவனுக்கு ஒரு ஜோடி வேட்டி கொடுத்திருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அவனே சொல்ல மாட்டான். "என்னை ஓடையோரமாக் கொண்டுபோயி வைங்கடா. தண்ணி வந்து எங்காலைத் தொட்டுட்டுத் திரும்பிப் போகட்டும்" என்று ஆடினான்.

கல்லைப் பெயர்த்தோம். மேளதாளத்தோடு மேட்டிலிருந்து இறக்கி, பள்ளக்காட்டையும் தாண்டி, ஓடைக்கரையில் நட்டோம். பஞ்சாயத்து பிரசிடெண்ட் பரிவட்டம் கட்டிக்கொண்டு வந்தார். இனி கரைகட்டச் சர்க்காரிடம் மனுப்போட வேண்டியதில்லை என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். முன்பு தண்ணீர் நின்ற இடத்தில் கல்லை வைத்தார்கள். கல் இருக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று ஊரே மாற்றிப் புரிந்துகொள்ள, ஒரு படி மஞ்சளும் சில சேலைகளும் போதுமாயிருந்தன.

யாக்கோபு மறுபடி வந்து நெடுநேரம் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க சாமி எங்க நிக்கோணும்னு நீங்க சொல்றீங்களா ஓவர்சியரே? சொல்லுங்க, ஊரைக் கூட்டறேன்" என்றேன்.

"ஞான் ஒண்ணும் பறஞ்சில்லா" என்றார்.

விதியில் கல் என்றுதான் எழுதியிருக்கிறது. கல் எங்கே இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பயபக்தியோடு நாடா பிடித்து அளந்தார். வீடு கல்லுக்கு மேலேதான் வந்தது. பர்மிட் கொடுத்தார். அவரை சஸ்பெண்ட் செய்திருப்பது அநியாயம். அதைச் சொல்லத்தான் நானாகவே இங்கே வந்தேன்.

மருதாத்தாள் பிறகு மறுக்கவில்லை. "ஆத்தா முன்னால நிக்கறா, போதுமுங்க" என்று மகளையும் மகளின் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு பள்ளக்காட்டுக்குக் குடிபோனாள். தினமும் முதல் குடம் தண்ணீரை அம்மனுக்கு ஊற்றினாள். அவள் குடிசை இருந்த இடத்தில் நான் மச்சு வீடு கட்டினேன்.

அடுத்த வருஷம் ஆவணியில் எனக்குப் புதுமனை புகுவிழா. முந்தின நாள் வீடு நிறைய உறவுக்காரர்கள், வெளியே விடாத மழை. விளக்கு வைக்கிற நேரத்தில் மருதாத்தாள் வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். தரைக்குச் சிவப்புப் பாலிஷ் போட்டிருந்தது. சேற்றுக்காலோடு ஏறாத அளவுக்கு அவளுக்கு விவரம் உண்டு.

"தண்ணி ஆத்தாளோட இடுப்பு வரைக்கும் வந்துருச்சுங்க பண்ணாடி. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் புள்ளையையும் கொழந்தையையும் கூட்டியாந்து, உங்க மாட்டுச்சாளையில ஒண்டிக்கட்டுங்களா?"

"ஆத்தாளைத் தாண்டித் தண்ணி எங்கயாச்சும் வருமா மருதாத்தா? நீ இப்ப பயந்து ஓடியாந்தா அவ மனசு நோகாதா?" என்றேன்.

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டபடியே இறங்கிப் போனாள்.

காலையில் பள்ளக்காட்டில் வீடு இல்லை. மருதாத்தாளும் மகளும் மதகடியில் கிடைத்தார்கள். குழந்தை கிடைக்கவில்லை. தண்ணீர் தன் பழைய இடம்வரை ஏறி வந்து, அங்கே நின்றுவிட்டுத் திரும்பியிருந்தது.

தெரிந்தே அவளைத் திருப்பி அனுப்பினேன் என்று ஊரில் பேசுகிறார்கள். அது மட்டும் பொய். ஆரம்பத்தில் நான் நடித்தேன், சரி. ஆனால் வெள்ளிக்கு வெள்ளி கும்பிட்டவனுக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை ஒட்டிக்கொள்ளாதா? அன்று சாயங்காலம் நானும் ஆத்தாளை மனசார நம்பித்தான் சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பள்ளக்காட்டில் கட்டியிருந்த என் எருமைகளை மட்டும் மத்தியானமே மேலே ஓட்டிவந்து சாளையில் கட்டிவிட்டேன். மாட்டுக்கு ஏது பக்தி.