தலையசைத்த சிப்பாய்

“பொம்மைக்கு முன்னால குனிஞ்சா பாவமா, லாத்தா?”

தாவூத் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவன் அக்கா சுல்தானா சிரிக்கவில்லை.

“குனியிறவனுக்குப் பாவமில்ல. குனிய வெக்கிறான் பாரு, அவனுக்குத்தான்.”

நம் தெரு மஜீதாவின் சின்னம்மாதான் இந்தச் சுல்தானா. அவளுக்கு நடந்தது இது.

ஜப்பான்காரன் காலம். இஷா தொழுகை முடிந்த இரவு நேரம். காஜா பேராங் சாலையில் ஈ காக்கை இல்லை. விளக்கு ஏற்றக் கூடாது என்று உத்தரவு. செட்டி கம்பம் குடியிருப்பைத் தாண்டினால் ஒரு வளைவு. வளைவில் ஒரு தூங்குமூஞ்சி மரம்... மரத்தடியில் ஒரு சிப்பாய்.

சிப்பாய் இல்லை. கோணிச் சாக்கு.

தாவூதும் அவன் கூட்டாளி தியாகுவும் ஜப்பான்காரன் நடத்திய தொழிற்பள்ளியில் படித்தார்கள். ஜப்பான் சிப்பாயைக் கண்டால் யாராக இருந்தாலும் குனிய வேண்டும். ஒருநாள் பாலத்தில் குனிய மறந்ததற்காகக் காவல் சிப்பாய் தாவூதை அறைந்தான். ஒரு காது அன்றோடு கேட்காமல் போனது. சிப்பாயை ஒன்றும் செய்ய முடியாது. ஊரைச் செய்யலாம். பட்டறையிலிருந்து கடத்திய குழாயை நட்டு, நார் அடைத்த சாக்கை மாட்டி, தொப்பி வைத்தார்கள். கழுத்தில் சைக்கிள் பிரேக் கம்பி. கால்வாய்க்குள் பதுங்கி இழுத்தால்... கிர்ர்... டக். தலை அசையும்.

வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, “தாபேக் துவான்” என்று வணக்கம் சொல்லி, இடுப்பை மடித்துக் குனிவார்கள். தலை அசைந்தால்தான் நிமிர்வார்கள். சில நேரம் பையன்கள் வேண்டுமென்றே கம்பியை இழுக்க மாட்டார்கள். கிழங்கு விற்கும் கிழவி ஒருத்தி குனிந்தே நின்று அழுதுவிட்டாளாம். இவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்றிரவு பக்கத்து வீட்டு அப்பாசாமி கதவைத் தட்டினார். “ராணுவ போலீஸ் லாரி இந்தப் பக்கம் வருதாம், பிள்ள. யாரும் வெளிய போவாதீங்க.”

தாவூத் வீட்டில் இல்லை. அந்தப் பொம்மை அவர்கள் கண்ணில் பட்டால், பக்கத்தில் இருப்பவன் தலை தங்காது. சுல்தானா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

வளைவில் அது நின்றது.

பொம்மை என்று தெரியும். ஆனாலும் இரண்டு வருடப் பழக்கம்... முதுகு தானாக வளைந்தது. அது தலையசைத்தது.

கிர்ர் என்ற சத்தம் வரவில்லை.

“போதும்டா... வெளிய வா,” என்றாள் கால்வாயைப் பார்த்து. தவளைகள் கத்துவதை நிறுத்தியிருந்தன. ஈரச் சேற்று நாற்றம்.

பின்னால் சைக்கிள் சத்தம். தாவூத் தள்ளிக்கொண்டு வந்தான், கூடவே தியாகு.

“லாத்தா, இங்க என்ன பண்றே?”

“லாரி வருதாம்டா! அந்தப் பொம்மையப் பிடுங்குங்க!”

“பள்ளிக்கூடத்துலயே பேச்சு வந்துருச்சு. பொம்மைய ஆத்துல போட்டுட்டுத்தான் வர்றோம். குழாய் மட்டும்தான் இங்க...”

அவன் முடிக்கவில்லை. அவனும் பார்த்துவிட்டான்.

தியாகு சட்டென்று குனிந்தான். அது தலையசைத்தது. நிமிர்ந்தவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

“குனிடா...” என்று சுல்தானா தாவூதின் சட்டையைப் பிடித்தாள். “குனிஞ்சிரு, தங்கம்.”

“மாட்டேன்.”

அது அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மெல்ல, இடுப்பை மடித்து... தாவூதுக்கு முன்னால் குனிந்தது. நிமிரவில்லை. காத்திருந்தது.

தாவூதின் தலை ஒருமுறை அசைந்தது. அவன் அசைக்கவில்லை. அவன் கண் சுல்தானாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அழுதது.

தூரத்தில் லாரி கியர் மாற்றும் சத்தம்.

“வாடா, ஓடிரலாம்!” இழுத்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். கால் மண்ணைவிட்டு எழவில்லை. நட்டு வைத்ததுபோல் நின்றான்.

மரத்தடியில் இருந்தது இப்போது நிமிர்ந்தது. நடந்து வந்து, தாவூதின் கையிலிருந்த சைக்கிளை வாங்கிக்கொண்டது. சுல்தானாவை ஒட்டித்தான் கடந்தது. அந்த முகத்தை அவள் பார்த்தாள். எப்படி இருந்தது என்று சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

அது சைக்கிளில் ஏறியது. தாவூதைப் பொம்மையாக நிறுத்திவிட்டு, அவர்கள் வீடு இருக்கும் பக்கமாகப் போனது.