முப்பத்தோராம் இலக்கக் குழி

எனக்குக் கடிதங்களுக்குப் பதில் எழுதப் பிடிக்கும். அலுவலகத்தில் மற்றவர்கள் அதைத் தண்டனையாக நினைப்பார்கள். நான் கடிதம் வந்த அன்றே உறையைக் கத்தரித்து, திகதி முத்திரை குத்தி, இலக்கம் போட்டு வைத்துவிடுவேன். தமிழில் வருவதை வாசிக்க எங்கள் பிரிவில் வேறு ஆளும் இல்லை. தகவல் அறியும் சட்டம் வந்தபோது தகவல் அலுவலர் வேலையையும் என் தலையில் கட்டியது அதனால்தான். எழுதிக்கொள்கிறீர்களா, ஐயா? நான் ஆறுதலாகவே சொல்கிறேன்.

பெயர் தனஞ்சயன். வயது ஐம்பத்துநான்கு. வீடு பாமன்கடையில். மாநகர சபையின் வடிகான் பிரிவில் தொழில்நுட்ப அலுவலர்.

மூன்று வருடத்துக்கு முன்பு, வெள்ளவத்தைப் பக்கத்து வடிகான்களைத் துப்புரவு செய்யும் வேலையைச் சபை ஒரு தனியார் கம்பனிக்குக் கொடுத்தது. அதுவரை எங்கள் தொழிலாளர்களே செய்தார்கள். இனிக் கம்பனி செய்யும். நான் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து, 'திருப்தி' என்று சான்றிதழில் கையெழுத்து வைக்க வேண்டும். என் பொறுப்பில் இருநூற்றுப் பதினான்கு மேன்ஹோல்கள். ஒவ்வொன்றுக்கும் மூடி இருக்கிறதா, உள்ளே மண் அள்ளியிருக்கிறதா என்று ஒரே ஆள் பார்க்க வேண்டும். முதல் மாதம் நான்கு நாள் நடந்து பார்த்தேன். கால் வீங்கியது. இரண்டாம் மாதம் கம்பனியின் மேற்பார்வையாளர் றேமண்ட் வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், கலகலப்பான மனிதர்.

"என்னத்துக்கு சேர் வெயிலுல காயுறீங்க? மூடிக்குப் பக்கத்துல நம்பர எழுதி, ஃபோட்டோ அடிச்சு வட்ஸ்அப்புல போடுறேன். நீங்க ஃபேனுக்குக் கீழ இருந்து சைன் பண்ணுங்க."

தவறாக நினைக்காதீர்கள். அவரிடம் நான் ஒரு பிளேன் டீகூட வாங்கிக் குடித்ததில்லை. என் கை சுத்தமா என்று சபையில் யாரிடமும் கேட்கலாம்.

படங்கள் ஒழுங்காக வந்தன. தரையில் வெண்கட்டியால் எழுதிய இலக்கம், பக்கத்தில் இரும்பு மூடி. நானும் ஒழுங்காகக் கையெழுத்து வைத்தேன். பதினோராம் மாதம்தான் கவனித்தேன்: எல்லாப் படத்திலும் இருப்பது ஒரே மூடி. இலக்கத்தை மட்டும் அழித்து அழித்து எழுதியிருந்தார்கள். அதை வெளியே சொன்னால், அதுவரை நான் வைத்த கையெழுத்துகள் என்ன ஆகும்? இருபத்தாறு வருட சேவையில் என் சொந்தக் கோப்பில் ஒரு முறைப்பாடு கிடையாது. ஆகவே பன்னிரண்டாம் மாதமும் திருப்தி என்றே எழுதினேன். அதன் பிறகு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படி மூன்றாம் வருடமும் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் றஞ்சிதம் என்ற பெண்மணியிடமிருந்து விண்ணப்பம் வந்தது. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருப்பவர். வயது அறுபத்தொன்று. மழை பெய்தால் கான் தண்ணீர் அவர் வீட்டு விறாந்தைக்கு வருகிறதாம். கம்பனியோடு செய்த ஒப்பந்தம், என் சான்றிதழ்கள், அவற்றோடு இணைத்த படங்கள் எல்லாவற்றுக்கும் பிரதி கேட்டிருந்தார். கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். கேட்டுவிட்டு, பதிலையும் உட்கார்ந்து வாசிப்பவர்களைத்தான் பிடிக்காது.

கம்பனியின் வர்த்தக இரகசியம் என்று மறுத்து எழுதினேன். என் சான்றிதழை மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று தீர்மானிக்கும் அதிகாரியும் நானே. அந்த ஏற்பாட்டைச் சபை செய்தது, நான் செய்யவில்லை. அவர் மேன்முறையீடு செய்தார். என் மேலதிகாரி கோப்பைத் திறக்காமலே "குடுத்துத் தொலையும்" என்றார். கொடுத்தேன். படங்களை நிறத்திலேயே அச்சடித்துக் கொடுத்தேன். அவர் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருபத்தைந்து வருடம் விபத்துப் படங்களைச் சரிபார்த்தவர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை மகள் ஹம்சிகாவையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கடுதாசிச் சீட்டு விளையாடுவதுபோல் இருபது படங்களை என் மேசையில் பரப்பினார்.

"தம்பி, மூடிக்குப் பின்னால இந்த வாசற்படியைப் பாருங்கோ. மூலை உடைஞ்ச சிவத்தப் படி. எங்கட ஒழுங்கையிலயும் இந்தப் படி, மார்க்கெட்டடியிலயும் இந்தப் படி. வெள்ளவத்தை முழுக்க ஒரே மேசன்தான் படி கட்டினவரோ?"

பக்கத்து மேசை மேனுகா சிரித்துவிட்டார். பதினொரு வருடம் என்னோடு வேலை செய்தவர்; தமிழ் வாசிக்க வராது, பேச வரும். அந்தச் சிரிப்பை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

"எங்கையோ பிழை நடந்திருக்கு அக்கா," என்றேன்.

"பிழையோ? ஒரு நசுங்கின கார் பம்பரைக் காட்டி ஒன்பது பேர் கிளெய்ம் பண்ணினதை நான் பிடிச்சனான். அதுக்கு நாங்கள் பிழையெண்டு சொல்லுறேல்லை."

"என்னத்துக்கம்மா இவரோட கதைச்சுக்கொண்டு? நேர இலஞ்ச ஆணைக்குழுவுக்கு எழுதுவம்," என்றார் மகள்.

"பொறு பிள்ளை. ஒருக்கா என்னோட வந்து நடந்து பாக்கட்டும். எங்கயெங்க மூடி இல்லையெண்டு தன்ர கையால எழுதித் தந்தால், நான் ஒருத்தருக்கும் எழுதமாட்டன். வாறீங்களோ தம்பி?"

அம்மா உங்களுக்கு ஒரு வழி விட்டவர்தானே என்று ஹம்சிகா பின்பு என்னைக் கேட்டார். எனக்கு அப்படிப் படவில்லை. மூடி இல்லாத இடங்களை நான் எழுதிக் கொடுப்பதும், முப்பத்துநான்கு சான்றிதழ்களும் பொய் என்று எழுதிக் கொடுப்பதும் ஒன்றுதான். இருந்தாலும் மரியாதையாக, "வாறன் அக்கா" என்றேன்.

ஒக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றைக் குறித்தோம். பிற்பகல் மூன்றரை மணி. அந்த நாட்களில் மதியத்துக்குப் பிறகு மழை தவறுவதில்லை. அன்று காலை கம்பனிக்கு எழுத்தில் ஒரு கட்டளை அனுப்பினேன்: அந்த ஒழுங்கையின் முப்பத்தோராம் இலக்கக் குழியை உடனே திறந்து துப்புரவு செய்யவும். றேமண்ட் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்ன சேர், நெசமாவே தொறக்கணுமா?"

"ஓம். உண்மையாவே."

மூன்று வருடத்தில் என் கட்டளை ஒன்று அன்றைக்கே நிறைவேறியது அந்த ஒருமுறைதான்.

அந்த ஒழுங்கையில் மூடி இருந்த குழிகள் சில. அவற்றில் முப்பத்தொன்றும் ஒன்று. இருபது வருடமாக அதை மிதித்துத்தான் கடைக்குப் போய் வருவதாக றஞ்சிதம் அக்கா அன்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார். மற்றக் குழிகளை அவர் சுற்றிப் போவார். இதைச் சுற்ற அவருக்குக் காரணம் இருக்கவில்லை.

இரண்டரை மணிக்குப் போனேன். மூடியைக் கழற்றிச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். வேலையாட்கள் போகும்போது, வழக்கம்போல் ஆட்களுக்குத் தெரிய ஒரு மரக்கிளையைக் குழிக்குள் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் அந்தக் கிளையைப் பிடுங்கி ஒரு பக்கமாக வைத்தேன். சபையின் மஞ்சள் அங்கி போட்டிருந்ததால் யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. பிறகு காருக்குள் இருந்தேன். மழை தொடங்கியது. துப்புரவு செய்யாத கான்களுக்கு இருபது நிமிட மழை போதும். ஒழுங்கை முழங்காலளவு மண்ணிறத் தண்ணீராகி, குழி எது தெரு எது என்று தெரியாமல் போனது.

அவர் குடையோடு வந்தார். படங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"இந்த மழைக்க வருவீங்களெண்டு நான் நினைக்கேல்லை. மேனுகாப் பிள்ளைக்கு முன்னால உங்களைக் கொஞ்சம் கூடத்தான் பேசிப்போட்டன், மனசில வச்சிருக்காதேங்கோ தம்பி."

"சே, இல்லை அக்கா. நடவுங்கோ."

மூடியில்லாத மூன்று இடங்களை அவர் காட்டினார். நான் குறித்துக்கொண்டேன். பிறகு அவர் தன் வழக்கமான பக்கத்தால் முன்னே நடந்தார். நான் சுவரோரமாக நின்றேன். அவரை நான் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

நேரம் மூன்று நாற்பது. "தம்பி" என்று ஒருமுறை கேட்டது. குழியின் விளிம்பை ஒரு கை பிடித்திருந்தது. நான் நினைத்ததைவிடக் கூடுதல் நேரம் பிடித்திருந்தது. மழைக்கு எல்லா வீட்டு ஜன்னல்களும் பூட்டியிருந்தன. பிளாஸ்டிக் உறை மிதந்து என் காலடிக்கு வந்தது. எடுத்துக்கொண்டு காருக்குப் போய், அன்றைய சான்றிதழை எழுதினேன். நான்கு இருபத்தைந்துக்கு ஸாலிஹ் என்ற த்ரீவீல்காரர், ஒரு குடை ஒரே இடத்தில் நின்று சுற்றுவதைப் பார்த்து இறங்கி, அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

விபத்து என்று உங்கள் பொலிஸ் ஆட்களே எழுதினார்கள். சபையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு கிழமைக்குப் பிறகு ஹம்சிகாவிடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. அன்றைய திகதியில் அந்த ஒழுங்கை பற்றிய கட்டளைகள், சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் பிரதி வேண்டும் என்று.

"பழையபடி வர்த்தக இரகசியமெண்டு போட்டு அனுப்புங்கோ சேர்," என்றார் மேனுகா. நான் மறுத்தேன். ஐந்தே நாளில் உறுதிப்படுத்திய பிரதி அனுப்பினேன். அன்றைய சான்றிதழில் இருந்த நேரத்தையும் அம்புலன்ஸைக் கூப்பிட்ட நேரத்தையும் ஹம்சிகா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள்.

நேரத்தையாவது ஏன் மாற்றி எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். ஐயா, அந்தத் தாளை இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். 'குழி இலக்கம் 31. மூடி அகற்றப்பட்டுள்ளது. நேரில் நின்று பரிசோதித்தேன். பிற்பகல் 4.10. திருப்தி.' மற்றச் சான்றிதழ்களைப் பற்றி நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த ஒன்றில் பொய்யான ஒரு சொல்லைக் காட்டுங்கள் பார்ப்போம்.