மூணு சுத்து, ஒரு தட்டு

...பொணமா படுன்னாரும்மா! என்னைய! நாலு படத்துல ஹீரோயினா நடிச்சவள! நீயே சொல்லு, இது நாயமா?

தள்ளி உக்காரு கண்ணு, வெயிலு அடிக்குது. கவரப்பேட்டையில ஏறுனியே, நம்ம கம்பெனி பஸ்சுல புச்சா ஒரு பொண்ணுன்னு அப்பவே பாத்தேன். நானு செண்பகம். வாளிய அடுக்கி கட்டுற பேக்கிங் செக்ஷனு. ஆனா சேந்த அன்னிக்கே படம் போட்டு காட்டிருப்பாங்களே... கையுறை மாட்டு, மெஷினுக்குள்ள கைய உடாத, முடிய உள்ள சொருவுன்னு... அதுல வர்றது நான்தான்!

பேச்சே கெடையாது அதுல. ஒடிசாக்காரன், பீகார்காரன், பெங்காலின்னு எல்லாரும் கீறாங்கோ, எந்த பாஷையில பேசறது? அதான் ஊமைப்படம். சேப்டி ஆபீசர் ஜெரால்டு சாரு, "மூஞ்சியிலயே சொல்லணும் செண்பகம்"னாரு. சொன்னேனே! மொதோ படத்துல பின்னல மூணு சுத்து சுத்தி, தொப்பிக்குள்ள சொருவி, மேல ஒரு தட்டு தட்டுவேன். அந்தத் தட்டு அவரு சொல்லிக் குடுத்ததில்ல, நானா போட்டது. "அது எதுக்கு, வெட்டிடலாம்"னாரு. சண்ட போட்டு வெச்சேன்.

இப்ப அஞ்சாவது படம். கல்பனா ஹீரோயினாம்! நேத்து லேபிள் ஒட்ட வந்தவ! நானு வெள்ளத்துணி போத்திக்கினு பொணம். ஏன்னு கேக்குறியா?

அது வந்து... நாலாவது படத்த கேன்டீன்ல போட்டாங்கோ. முந்நூறு பேரு. படத்துல நானு மெஷின்ல கை மாட்டிக்கினு துடிக்கிறேன். எம்மா நாளு வாய மூடிக்கினு நடிச்சது... இந்த வாயி சொம்மா கெடக்குமா? உக்காந்து பாத்துக்கினு இருந்தவ எய்ந்து நின்னு, "ஐயோ என் கை போச்சே! அடுப்புல கொழம்ப வெச்சிட்டு வந்தேனே, இனி எவ கிண்டுவா!"ன்னு உட்டேன் பாரு டயலாக்கு! தமிழ் ஆளுங்கோ சிரிக்க, அத்தப் பாத்து மத்தவங்கோ சிரிக்க... கை போற சீனுக்கு கை தட்டுறாங்கோம்மா! அன்னிக்கின்னு பாத்து ஹெட் ஆபீஸ் பெரிய சாரு மொதோ வரிசையில. ஜெரால்டு சாரு மூஞ்சி சுண்டிப்போச்சி.

சரி, பொணத்துக்கு வாயே தேவையில்லன்னு போட்டாரு. நேத்து ரிகர்சலு. கல்பனா எம்மேல உயுந்து அய்வுறா, துணி நவுந்துடுச்சி. "ஏன்டீ, காலு தெரியுது, மூடுடீ"ன்னேன். அவ்ளோதான்... பொணமும் போச்சி.

பேஜாராகீது கண்ணு. பேக்கிங்ல என்னைய எவன் திரும்பிப் பாக்குறான்? அந்தப் படத்துலதான் நானு ஒரு ஆளு. இன்னிக்கி அவரு காலுல உயுந்தாவது அந்தப் பொணத்த திரும்ப வாங்கிடணும். நீ இன்னா சொல்ற?

இன்னா... தமிழ் நஹியா? ஒடியாவா? அடிப்பாவி! அர மணி நேரமா தலைய ஆட்டிக்கினே வந்தியே! எனக்கு இது வேணும். கதைய யாராண்ட சொல்லிக்கினு வந்தேன் பாரு... சரி, கம்பெனி கேட்டு வந்துடுச்சி, எறங்கு.

இரு... இன்னா பண்ற? பின்னல... ஒண்ணு... ரெண்டு... மூணு... தொப்பிக்குள்ள சொருவுறா...

ஐயோ, தட்டுறாளே! அந்தத் தட்டு! என்னையக் காட்டி சிரிக்கிறா பாரு...

இல்ல கண்ணு. இனிமே நான் ஒண்ணும் பேசல, மூஞ்சியிலயே சொல்றேன்.