அமாவாசையில் மட்டும் கேட்கும் பம்பு

திருத்தணிக்குப் போகும் மின்சார ரயிலில், எனக்கு எதிரே மச்சானும் மாப்பிள்ளையுமாக இரண்டு பேர். இளையவர் ஓர் அட்டைப்பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அமாவாசை பாவா. மீன் தொட்டி சத்தம் நாளைக்குத்தான் கேக்கும்."

நான் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"தொட்டி வச்சப்ப சத்தமே இல்லன்ன?" என்றார் மூத்தவர்.

"வூட்ல பவர்லூம் ராப்பகலா ஓடுது, அதுல இன்னா கேக்கும்? அமாவாசைக்கு மட்டும்தான் தறிக்கு லீவு. போன அமாவாசைக்கு நிறுத்தினோம் பாருங்க, மீன் தொட்டிக்கு அடியில இருக்கற வடிகட்டுற தொட்டியிலேர்ந்து தண்ணிய மேல ஏத்துற பம்பு லாரி மாதிரி உறுமுது. உங்க தங்கச்சி தூங்கவே இல்ல. இந்த அமாவாசையும் அப்படின்னா மீனெல்லாம் குளத்துக்குப் போயிடும்னுட்டா."

"மொதல்லயே ஒரு நிமிஷம் தறிய நிறுத்திக் கேட்டிருக்கலாம்ல?"

"மீனுக்காக எங்க நைனா தறிய நிறுத்துவாரா?"

மூத்தவர் பெட்டியைத் திறந்து புதுப் பம்பைத் திருப்பிப் பார்த்தார்.

"இது சத்தம் கம்மிதான். ஆனா பிளாஸ்டிக் பைப்ப நேரா இதுல சொருகாத. நடுவுல ஒரு ஜாண் ரப்பர் ஓஸ் போடு, அடியில ஸ்பாஞ்ச் வை. அப்பத்தான் தொட்டி வச்ச பலகை அதிராது."

"ஆங், ஓஸும் வாங்கிட்டேன். நாளைக்குக் குண்டூசி வுழுந்தாக் கூட கேக்கும் பாவா."

ரயில் நின்றது. ஆர்.கே.பேட்டை பஸ்ஸைப் பிடிக்க இருவரும் எழுந்தார்கள்.

"தறியும் நின்னு பம்பும் அடங்கிட்டா, அப்புறம் கேக்கறது உன் குறட்டைதான். நாளைக்கு எதுக்கும் முழிச்சிகினே இரு மாப்ள."