காலரில் கோளாறு இல்லை

நாய்க்குக் காலர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கழுத்தை. ரோமம் எவ்வளவு அடர்த்தி, தோல் எவ்வளவு தளர்ச்சி, மாட்டிய பிறகு விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெங்கட்ராமன் சார், எனக்காக வாதாட நீங்கள் ஒப்புக்கொண்டது பெரிய உதவி. ஆனால் அலிப்பூர் கோர்ட் வராந்தாவில் நீங்கள் சொன்னது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "மெஷின்ல கோளாறுன்னு சொல்லிடலாம் சார். தானா ஷாக் அடிச்சுது, நாய் மிரண்டு கடிச்சுடுத்து. முடிஞ்சு போச்சு." அப்படிச் சொல்லக் கூடாது. ஏன் என்று விளக்குகிறேன்.

போலாவை பாலிகஞ்ச் ஸ்டேஷன் வாசலிலிருந்து குட்டியாகத் தூக்கி வந்தவள் என் மகள் ஸ்னேகா. சாதாரணத் தெருநாய். வளர்ந்ததும் லிஃப்ட் சத்தம் கேட்டாலே குரைத்தது. பிளாட்காரர்கள் முறையிட்டார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

முதலில் சோக் செயின். சரியான பக்கமாக மாட்டினால் இழுத்ததும் இறுகி, விட்டதும் தானே தளரும். திருப்பி மாட்டினால் விட்ட பிறகும் இறுகியே இருக்கும். பலர் செய்யும் தவறு அது. பிறகு முள் காலர். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். காதுக்குக் கீழே உயர்த்தி மாட்டினால் கழுத்தைச் சுற்றி ஒரே சீராக அழுத்தும், தொண்டையை நெரிக்காது. மின் காலருக்குக் கடைசியில்தான் வந்தேன். அதில் இரண்டு உலோகக் குமிழ்கள் தோலைத் தொட வேண்டும். கையிலுள்ள ரிமோட்டில் ஆகக் குறைந்த அளவில் தொடங்கி, எந்த அளவில் நாயின் காது லேசாகத் துடிக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அழுத்தும் நொடி. வலி எங்கிருந்து வருகிறது என்று நாய்க்குத் தெரியாது. அந்த நொடியில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதுதான் தன்னைக் குத்தியது என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், யாராவது நாயைக் கொஞ்சும்போது பொத்தானைத் தொட மாட்டார்கள்.

போலா குரைப்பதை விட்டது. "அப்பா, நீ ஜீனியஸ்" என்றாள் ஸ்னேகா.

பிறகு வருண் வந்தான். பவானிபூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், ஆனாலும் அவன் வாயில் முதலில் வருவது பெங்காலிதான். டொரொண்டோவில் வேலை. கல்யாணம் முடிந்ததும் இருவரும் அங்கே போவதாகத் திட்டம். என் மனைவி மீனாக்ஷி காலமான பிறகு வீட்டில் ஸ்னேகாவும் நானும்தான். ஆட்சேபம் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஸ்னேகா காலேஜ் நாளிலிருந்தே சொல்வாள்: "போலாவுக்குப் பிடிக்காதவன எனக்கும் பிடிக்காது." விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறுகளில் வருண் வருவான். நான் எதிரே செய்தித்தாளுடன் உட்கார்ந்திருப்பேன். அதனடியில் ரிமோட். அவன் போலாவைத் தடவக் கை நீட்டியதும் அழுத்துவேன். போலா கத்திக்கொண்டு துள்ளும்.

"என்னடா, மாப்பிள்ளையப் பாத்து வெட்கமா?" என்று சிரித்தான் முதலில். பிறகு அவன் காலடி கேட்டாலே போலா உறும ஆரம்பித்தது.

"அங்கிள், நீங்க உறும வேண்டியத இவன் உறுமறானோ?"

"நாய்க்கு மனுஷாளத் தெரியும்" என்றேன்.

"அப்பா, சும்மா இரேன்" என்றாள் ஸ்னேகா.

அவன் வருவதை நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். நடந்தது வேறு. "போலா இங்கயே இருக்கட்டும்ப்பா. ஒனக்கும் துணையாச்சு" என்றாள் அவள். அவனுக்காக நாயையும் விட்டுவிட்டுப் போகத் துணிந்துவிட்டாள். நான் அளவைக் கூட்டினேன்.

இங்கே ஒரு பிழை நேர்ந்தது. கருவியின் பிழை அல்ல, என் கணக்கின் பிழை. வலித்தால் போலா வருணைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. உடனே ஸ்னேகா பக்கம் திரும்பியது. குட்டியிலிருந்து வலித்தபோதெல்லாம் தேற்றியவள் அவள்தானே. "ஷோனா, ஷோனா" என்று பெங்காலியில் கொஞ்சி அவள் அணைப்பாள். நான் அப்போதும் அழுத்திக்கொண்டிருப்பேன். மெல்ல மெல்ல அவள் கையிலிருந்து சோறு வாங்குவதை போலா நிறுத்தியது.

"எங்கிட்ட ஏன்ப்பா வரமாட்டேங்கறான்?" என்று அழுதாள்.

"ஒன் மேல வருண் வாசனை இருக்கும்மா" என்றேன். காரணம் எனக்குத் தெரியும். இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள், சார். எனக்குத் தெரியும்.

விசா வந்த அன்று வருண் சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தான். ஸ்னேகாவை வெளியே அழைத்துப் போக டாக்ஸி பிடிக்கக் கீழே இறங்கினான். அவள் தரையில் மண்டியிட்டு, போலாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "அப்பாவ நன்னாப் பாத்துக்கணும், என்ன?" என்றாள். போலா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அறையில் வருண் இல்லை.

ஆக அதிகமான அளவில் வைத்து, அழுத்திப் பிடித்தேன். அவள் கத்திய பிறகும் பிடித்திருந்தேன். காலர் நான் சொன்னதைச் சொன்னபடி செய்தது. அதன் மேல் பழி போடுவது நியாயம் இல்லை.

ரிமோட்டை வருண் கண்டெடுத்துப் புகார் கொடுத்தான். ஸ்னேகா அதை நம்பவில்லை. "எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல" என்று போலீஸிடம் சொன்னாள். அவனைப் பார்க்கவும் மறுக்கிறாள். தையல் போட்ட முகத்தை யாருக்கும் காட்ட விருப்பமில்லை. அறைக்குள்ளேயே இருக்கிறாள். மெல்ல முடியாததால் ரசஞ்சாதத்தைக் கரைத்து நான்தான் ஊட்டுகிறேன். பழையபடி வீட்டில் இரண்டு பேர்.

டொரொண்டோ டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னவளும் அவள்தான். அந்த முடிவில் நான் தலையிடவே இல்லை, சார்.