தானியேலின் துண்டு

அந்தி மஃரிப் பாங்கு ஓய்ந்த நேரம். வேப்பம்பட்டில் கரி ரயில் நின்றது, புறப்பட்டுப் போய்விட்டது. இறங்கியது ஒரே ஆள். மொய்னுதீன்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு மண்பாதை. ஒரு பக்கம் ஏரிக்கரை, மறுபக்கம் சவுக்குத் தோப்பு. அப்போது அங்கே வேறு வீடு கிடையாது... விளக்கும் கிடையாது. மழை விட்டிருந்தது. தவளைகள் விடாமல் கத்தின.

சட்டென்று அத்தனையும் நின்றுவிட்டன.

அப்புறம் அந்த வாடை. பச்சைப் பூண்டை நசுக்கியது போல.

நம் கமாலைத் தெரியுமே, காக்களூரில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறானே... அவனுடைய அக்கா புருஷன்தான் இந்த மொய்னுதீன். ஆந்திரா தனியாகப் பிரிந்து சில மழைக்காலம் ஆகியிருந்தது. விளக்கு இருக்கட்டும். கதவை மட்டும் யாராவது சாத்திவிட்டு வாருங்கள்.

பூண்டு வாடை எதனுடையது என்று மொய்னுதீனுக்குத் தெரியும். கார்பைட் விளக்கு. சுரங்கத்துக்குள் போகிறவர்கள் கையில் பிடிக்கிற விளக்கு. அதை அவன் ஒரு வருஷமாகக் கண்ணால் பார்க்கவில்லை.

ஊத்துக்கோட்டைக்கு மேற்கே எருமைக்கொண்டா என்று ஒரு மலை. முன்னொரு காலத்தில் அதைக் குடைந்து தங்கமும் வெள்ளியும் எடுத்தார்களாம். பிறகு விட்டுவிட்டார்கள். வௌவால் குடியேறியது. பட்டணத்துக் கம்பெனி ஒன்றுக்கு அதன்மேல் ஆசை வந்தது. மறுபடி வெட்டினால் கட்டுப்படியாகுமா என்று பார்த்துச் சொல்ல ஒரு என்ஜினீயரை அனுப்பியது. உள்ளே அங்கங்கே மாதிரிக் கல் வெட்ட வேண்டும். பட்டணத்துக்கு அனுப்பி உருக்கிப் பார்க்க வேண்டும். கல்லை மூட்டை கட்டி லாரியில் கொண்டுபோகிற வேலை மொய்னுதீனுக்கு. தினக்கூலி. சுரங்கம் திறந்தால் நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

சுரங்க வாயில் ஒரு புளியமரம். உள்ளே போகிறவன் தன் துண்டைக் கிளையில் போட்டுவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். துண்டு தொங்கினால் ஆள் உள்ளே. மேஸ்திரி தேசப்பன் வைத்த ஏற்பாடு. சாயங்காலம் மரத்தைப் பார்த்து, "கிளை காலி!" என்று கத்துவார். அதன் பிறகுதான் எல்லாரும் மலை இறங்குவார்கள்.

சுவர்களில் ஒன்றும் தேறவில்லை. பழைய ஆட்கள் சுரண்டிக்கொண்டு போயிருந்தார்கள். கூரைப்பாறை விழாமலிருக்க அவர்கள் விட்டுவைத்த தூண்கள் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் மினுக்கின. தூணில் யாரும் உளி வைக்கக் கூடாது என்று என்ஜினீயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மொய்னுதீன் அவருக்குத் தெரியாமல், தூண்கல் வெட்டித்தர உளிக்காரன் தானியேலைப் பிடித்தான். உளி வேலையில் தானியேலுக்கு ஒரு தாளம் உண்டு. இரண்டு தட்டு, தூசு போக ஒரு ஊதல். டிங்... டிங்... ஃபூ.

"தூணு கோச்சிக்கும் சாயபு," என்று தானியேல் சிரித்தான். "அப்பால நம்ம தலைமேல உக்காந்துக்கும்."

"ஓரமா கொஞ்சம் எடுடா. சுரங்கம் தொறந்தா நீதான் மேஸ்திரி."

"அப்போ தேசப்பன் நைனா?"

"அவரு உனுக்கு டீ வாங்கியாருவாரு."

கடைசி நாள் மழை பிடித்துக்கொண்டது. ஆடு மாடு விழுந்துவிடும், புதையல் தேடுகிறவன் நுழைந்துவிடுவான் என்று சுரங்க வாயை வெடி வைத்து மூடச் சொன்னார் என்ஜினீயர். கல் நல்ல பதில் சொன்னால் திறந்துகொள்ளலாம். சாமான் எடுக்க ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கிளையில் நாலைந்து துண்டுகள் நனைந்துகொண்டிருந்தன.

மொய்னுதீனுக்கு இன்னும் ஒரு கை தூண்கல் வேண்டியிருந்தது. தானியேலை மறுபடி உள்ளே அனுப்பினான். வேறு யாருக்கும் தெரியாது.

கீழே லாரி ஆரன் அடித்தது. "மச்சான்! ஆத்துல தண்ணி ஏறிக்கினே இருக்குது. வர்றீங்களா இல்லியா?" லாரி ஓட்டிய கமாலின் குரல்.

மொய்னுதீன் இருந்த மூட்டையைத் தூக்கினான். சாக்கு கிழிந்தது. கல் சேற்றில் கொட்டியது. பக்கத்தில் கிளை. கைக்கு எட்டிய துண்டை இழுத்து, கல்லை அள்ளிப் போட்டு முடிச்சுப் போட்டான். யாருடைய துண்டு என்று பார்க்கவில்லை.

தேசப்பன் திரியோடு நின்றார். அருகில் என்ஜினீயர். 'உள்ள ஆளு இருக்குது' என்று சொல்ல மொய்னுதீன் வாயெடுத்தான். உள்ளே எங்கே, எதற்கு என்று என்ஜினீயர் கேட்பார்... துண்டு தொங்குகிறது, அது சொல்லிவிடும் என்று நினைத்துக்கொண்டான். இறங்கிப் போய்விட்டான்.

வெடிச் சத்தம் சாலையில் கேட்டது. பெரிதாக இல்லை. தூரத்தில் யாரோ கதவைச் சாத்தியது போல.

ஊத்துக்கோட்டைத் தரைப்பாலத்தில் பாதிச் சக்கரம் தண்ணீருக்குள். எப்படியோ தாண்டினார்கள். டீக்கடை விளக்கடியில் வண்டி நின்றது. மச்சான் மடியிலிருந்த மூட்டையைக் கமால் பார்த்தான்.

"யாரு துண்டு இது? சிலுவ போட்டிருக்குது."

மூலையில் சிவப்பு நூல் சிலுவை. தானியேலின் மனைவி ஞானம்மா போட்ட தையல்.

திரும்பு. சொல்ல வேண்டியது அந்த ஒரு சொல்தான்... ஆறு ஏறிவிட்டது என்று நினைத்தான். வெடிக்கு முன்பே தானியேல் வெளியே வந்திருப்பான் என்று நினைத்தான். துண்டைக் காணாமல் இந்நேரம் என்னைத் திட்டிக்கொண்டிருப்பான்.

"கீழ கெடந்துச்சு," என்றான் மொய்னுதீன். "நீ வண்டிய எடு."

கமால் எடுத்தான். அவனுக்கு என்ன தெரியும்?

திருவள்ளூரில் கம்பெனியின் கல் கொட்டகைக்கு ஞானம்மா தேடிக்கொண்டு வந்தாள். முந்தானையால் தலையை மூடியிருந்தாள்.

"சாயபு, எங்க ஊட்டுக்காரரு உங்க லாரியில வந்தாரா?"

"வந்தான்... ஊத்துக்கோட்டையில எறங்கிக்கினான்."

"துண்டு இருந்துச்சா கையில?"

"ம்."

"அப்ப சரி. மழையில தல நனையாது." முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். போய்விட்டாள். தானியேல் கோலாருக்கு ஓடிவிட்டான் என்று ஊரில் பேச்சு வந்தது. மொய்னுதீன் மறுக்கவில்லை.

கல்லை உருக்கிப் பார்த்த முடிவு வந்தது. எல்லா மூட்டையும் சப்பை. துண்டில் கட்டிய கல்லில் மட்டும் தங்கமும் வெள்ளியும் கொழித்தன. என்ஜினீயர் அவனைக் கூப்பிட்டார்.

"இது எந்த எடத்துக் கல்லுப்பா? எடத்த மட்டும் சொல்லு. நாளைக்கே ஆள் விட்டு வாயத் தொறந்துடலாம்."

வாயைத் திறந்தால் நிரந்தர வேலை. வாயைத் திறந்தால்... அதற்குப் பின்னால் யார் எப்படிக் கிடக்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும்.

"தெரியல சார். வேற எங்கயோ கல்லு கலந்துடுச்சு."

மலையில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுக் கம்பெனி போய்விட்டது. மொய்னுதீன் பட்டணத்து மண்டி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். துண்டில் ஒரு பாறாங்கல்லைக் கட்டி ஆரணியாற்றில் விட்டான். அது முழுகுகிற வரைக்கும் நின்று பார்த்தான்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் வேப்பம்பட்டுப் பாதையில் அந்த வாடை.

அவன் வேகமாக நடந்தான். வாடை முன்னால் போனது. பின்னால் வந்திருந்தால் ஓடியிருப்பான். முன்னால்... வீட்டுப் பக்கமாக.

வாசலில் ஒரு பூவரச மரம். அதன் தாழ்ந்த கிளையில் ஒரு துண்டு தொங்கியது. தண்ணீர் சொட்டியது. கிட்டே போய் மூலையைத் தடவினான். விரலில் தையல் நெருடியது. குறுக்காக ஒரு கோடு, நெடுக்காக ஒரு கோடு.

துண்டு தொங்கினால்...

"இன்னாங்க, அங்கியே நின்னுக்கினு?" உள்ளிருந்து மனைவி நசீராவின் குரல். "உங்க ஆளு வந்து எம்மா நேரமாச்சு. கூடத்துல உக்காரச் சொல்லிட்டு நான் திரைக்கு இந்தாண்ட இருக்கேன். நீங்க கேட்ட கல்லக் கொணாந்திருக்காராம்."

அவன் துண்டை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தான்.

"பாவம், குடிக்கத் தண்ணி கேக்குறாரு. கொடுத்துக்கினே இருக்கேன், தாகம் அடங்க மாட்டேங்குது."

கூடத்தில் வெளிச்சம் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து கேட்டது.

டிங்... டிங்... ஃபூ.

ஓடலாம். பாதை பின்னால் திறந்து கிடந்தது. ஸ்டேஷனில் ஆள் இருக்கும். ஆனால் நசீரா உள்ளே இருந்தாள். அப்புறம், ஊத்துக்கோட்டை டீக்கடையில் ஒரு தரம் அவன் திரும்பாமல் போயிருந்தான்.

மொய்னுதீன் தோளிலிருந்த துண்டை எடுத்தான். கிளையில், அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் போட்டான். வாசற்படி ஏறினான்.

நசீரா அவன் செருப்புச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். தண்ணீர் மொண்டுகொண்டு, திரைக்கு வெளியே சொம்பை நீட்டியிருக்கிறாள். வாங்க யாரும் இல்லை. விளக்கைக் கொண்டுவந்து பார்த்தாள். கூடம் காலி. தரையெல்லாம் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு கைப்பிடி மினுக்குகிற கல். வாசலுக்கு உள்பக்கம் புருஷனின் செருப்பு.

விஷயம் கேட்டுக் கமால் காலையில் ஓடிவந்தான். தோப்பு, ஏரி, ரயில் பாதை எல்லாம் தேடினார்கள். வாசல் கிளையில் சிலுவைத் துண்டைப் பார்த்ததும்தான், டீக்கடையில் மச்சான் சொன்ன பொய் அவனுக்கு உறைத்தது. ஆள் கூட்டிக்கொண்டு எருமைக்கொண்டாவுக்குப் போனான். மூடின வாய் மூடினபடியே இருந்தது. ஒரு கல் நகரவில்லை. கடப்பாரை போட்டு வாயைத் திறந்தார்கள், தூண் போன கூரை உள்ளே மொத்தமாக உட்கார்ந்திருந்தது.

வேப்பம்பட்டுக்குத் திரும்பிவந்து, வாசல் கிளையில் தொங்கிய இரண்டு துண்டையும் எடுக்கக் கை நீட்டினான். ஒன்று காய்ந்திருந்தது. ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, எடுக்காத," என்றாள் நசீரா வாசற்படியில் நின்று. "உள்ள ஆளு இருக்குது."