ரெண்டாவது டேப்

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஊருக்கு வெளிய, ஒரு விளக்குகூட இல்லாத ரோடு. என் ஃப்ரெண்டோட மச்சான் தனியா கார்ல போயிட்டிருந்தார். பக்கத்து சீட்டுல ஒரே ஒரு டேப்... பாட்டு டேப் இல்ல. ஒரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருக்கிறதையெல்லாம், யாருக்கு என்ன ரத்தம், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுங்கிற வரைக்கும், நகல் எடுத்து வைக்கிற டேப்.

அதுக்கு முந்தின வாரம்தான் அந்தக் கம்ப்யூட்டர் இருந்த கட்டடம் எரிஞ்சு போச்சு. மெஷின், வயரு, எதுவும் மிச்சமில்ல.

நகல் பாதி பாதியா ரெண்டு டேப்ல இருக்கும். தினம் சாயங்காலம் ரெண்டையும் வெளிய கொண்டுபோயிடணும். அது மச்சானோட வேலை. தீப்பிடிச்ச அன்னிக்கு ஒண்ணைத்தான் கொண்டுபோனார். இன்னொண்ணை மேஜை மேலயே மறந்துட்டார்.

நைட் ஷிஃப்ட் பார்த்தவருக்குப் பட்டப்பேரு சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு தடிமன். தீப்பிடிச்சதும் வெளிய ஓடிவந்து மச்சானுக்கு ஃபோன் போட்டார்.

"நான் தப்பிச்சிட்டேன் தம்பி."

"மேஜை மேல ஒரு டேப் இருந்துச்சே... எடுத்தீங்களா?"

"இல்லியே."

"புகை கம்மியா இருந்தா... ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்."

போனவர் வரல.

அந்த ஃபோனைப் பத்தி மச்சான் மூச்சு விடல. சாவு வீட்டுல சோடாபுட்டியோட சம்சாரம் கேட்டாங்க, "வெளிய வந்த மனுஷன் எதுக்குத் தம்பி திரும்ப உள்ள போனார்?"

"தெரியலக்கா"ன்னுட்டார். அதுலேர்ந்து அவருக்குச் சோறு இறங்கல.

அந்த ஒத்த டேப்போட ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் கார்ல போனது ஒரு வாடகை ஹாலுக்கு. டேப்ல இருக்கிறதைத் திரும்ப ஏத்தறதுக்கு எல்லாம் புது மெஷின். கதவைப் பூட்டிட்டு டேப்பைச் சொருகினார். ர்ர்ர்ர்... ஓடுச்சு. பாதி வந்ததும் நின்னுடுச்சு. 'அடுத்த டேப்பைப் போடவும்'னு ஸ்கிரீன்ல வருது. எங்க போக? உள்ளயே இருந்த பாத்ரூம்ல முகம் கழுவப் போனார்.

குழாயை மூடுறார்... வெளிய, ர்ர்ர்ர்.

ஓடிவந்தார். வாசக்கதவு பூட்டினது பூட்டினபடி. ஹால் பூரா தீஞ்ச பிளாஸ்டிக் வாடை. மெஷின் ஓடி முடிஞ்சு, டேப்பை வெளிய தள்ளுச்சு. ஒரு ஓரம் உருகிப்போன டேப். அது மேல கரி... விரல் விரலா.

காலைல மேனேஜருக்கு வாயெல்லாம் பல்லு. "ஒண்ணுதான் தப்பிச்சுதுன்னியேப்பா, இன்னொண்ணு எங்க இருந்துச்சு?"

"கார்லயேதான் சார்." அது ரெண்டாவது பொய்.

அதுக்கு மேல தாங்கல. நேரா சோடாபுட்டி வீட்டுக்குப் போய்த் தரையில உட்கார்ந்துட்டார். "நான்தான்க்கா அவரைத் திரும்ப உள்ள போகச் சொன்னேன். ஒரு டேப்புக்காக."

அந்தம்மா திட்டல. அழக்கூட இல்ல.

"தெரியும் தம்பி. தினம் ராத்திரி வந்து நிக்கிறார். அந்தக் கட்டடத்துக்குள்ள அலமாரில பழைய டேப்பெல்லாம் நிறைய இருக்காமே... அதையும் எடுத்துட்டு வரணுமான்னு உங்களைக் கேக்கச் சொல்றார்."

மச்சான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போதும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க தம்பி... அவரு விரல்ல இப்ப எலும்புதான் இருக்கு."